தாவீதுக்குக் கோபம் வந்தது



தாவீதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவர் மகள் தாமாரைப் பற்றி? இரண்டாம் சாமுவேல், பதின்மூன்றாம் அதிகாரம். மாற்றாந்தாய் வயிற்று அண்ணன் அம்னோன் நோயாளிபோல் நடித்துப் படுத்திருக்கிறான். அவன் கண்முன்னே மாவு பிசைந்து பணியாரம் சுடுகிறாள் தாமார். வேண்டாமென்று அவள் மன்றாடியும் பலாத்காரம் செய்கிறான். பிறகு வேலைக்காரனைக் கூப்பிட்டு, அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் சொல்கிறான். அவள் வாய்பொத்திப் போகவில்லை. அங்கியைக் கிழித்து, தலையில் சாம்பல் போட்டு, சத்தமிட்டு அழுதுகொண்டே போகிறாள். கூடப்பிறந்த அப்சலோம் என்ன சொல்கிறான்? அவன் உன் அண்ணன், பேசாமலிரு என்கிறான். தகப்பன் தாவீதுக்குக் கோபம் வந்தது. வந்ததோடு சரி.

தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் உஜாமா மையத்தார் இந்த அதிகாரத்தைச் சபைப் பெண்களோடு உட்கார்ந்து வாசித்தார்கள். அதுவே பெண்கள் மீதான வன்முறையை எதிர்க்கும் தாமார் இயக்கமாக வளர்ந்தது.

நம்மூரில்? அடிபட்ட பெண் முதலில் வந்து நிற்பது ஆயர் வீட்டு வாசலில். காபி கொடுப்பார்கள், ஜெபிப்பார்கள். "பொறுத்துப் போம்மா, பிள்ளைகளைப் பாரு" என்று அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அப்சலோமின் ஆலோசனை அச்சு அசலாக! ஜெபம் வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. ஜெபித்துவிட்டு, பெண்கள் உதவி எண் 181-க்கு ஒரு போன் போடுங்கள், ஐயா. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவரிடம் அனுப்புங்கள்.

சட்டமும் நெடுநாள் நம்மைக் கைவிட்டது. 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் கிறிஸ்தவ மனைவிக்குக் கணவனின் அடி மட்டும் போதாது. அவன் கள்ளத்தொடர்பையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். கணவனுக்கோ மனைவியின் கள்ளத்தொடர்பு ஒன்றே போதும். 2001-இல்தான் பாராளுமன்றம் இதைத் திருத்தியது.

உலகத் திருச்சபைகள் மன்றம் 1988 முதல் 1998 வரை, பெண்களோடு சபைகள் தோள் சேரும் பத்தாண்டு என்று அறிவித்தது. பெண்கள் மீதான வன்முறையை எதிர்த்து வியாழக்கிழமை கறுப்புடுத்தும் இயக்கம் அதன் வழிவந்ததுதான். உடுத்துங்கள், போட்டோவும் எடுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை புகார் ஒரு சபை ஊழியர் மேலேயே வந்தால்? "சாட்சி கெட்டுவிடும்" என்று மூடி மறைப்போமா?

பத்துப் பேராவது வேலை செய்யுமிடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், அந்த விவரம் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். நம் திருமண்டலப் பள்ளி, மருத்துவமனை, அலுவலகம் எல்லாவற்றிலும் திங்களன்று போய்ப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பெயரில் பேராயருக்கு மனு எழுதுவோம். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.