படியெடுத்தலும் புரிந்தெழுதலும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் தெருக்களில் கல்வி விளக்கேற்றி வரும் இக்கழகத்தின் மேடையில் கணினி நிரலைப் பற்றிப் பேச வந்திருக்கும் நான் கணினிப் பட்டதாரி அல்லேன். வரலாறு படித்த பி.ஏ., பி.எட். ஆசிரியன். எனினும், ஒரு நிரலால் என் பள்ளியில் நேர்ந்த பிழைக்கு நானும் பொறுப்பாளி. அப்பிழைதான் இன்று என்னைப் பேச வைக்கிறது.

பத்தாம் வகுப்பின் ஐந்து பாடங்களுக்கும் தேர்ச்சிப் பட்டியல் தயாரிக்க, நம் மாலை வகுப்பில் பயின்ற இளைஞர் ஒருவர் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதித் தந்தார். தமிழுக்குரிய வரிகளை முதலில் எழுதினார். பிறகு அவற்றையே நான்கு முறை படியெடுத்துப் பாடத்தின் பெயரை மட்டும் மாற்றினார். இருநூறு வரிகளுக்கு மேல் நீண்ட அந்நிரலில், 35 என்னும் தேர்ச்சி மதிப்பெண் ஐந்து இடங்களில் தனித்தனியே நின்றது. நூறு மதிப்பெண் தேர்வுகளில் அது குறையின்றி ஓடியது.

ஒருமுறை ஐம்பது மதிப்பெண்ணுக்கு அலகுத் தேர்வு வைத்தோம். தேர்ச்சி மதிப்பெண்ணை 18 ஆக்குமாறு அந்த இளைஞரை அவசரப்படுத்தியவன் நானே. அவர் நான்கு இடங்களில் திருத்தினார். ஐந்தாவதான சமூக அறிவியலில் 35 அப்படியே நின்றுவிட்டது. 18 முதல் 34 வரை பெற்றோர் யாவரும் அப்பாடத்தில் தவறியவர்களாகப் பட்டியலில் இடம்பெற்றனர். அச்சீட்டு அன்று மாலையே வீடுகளுக்குச் சென்றது.

மறுநாட் காலை ஒரு மாணவி தன் தாயுடன் வந்து நின்றாள். கையில் 31 மதிப்பெண் இட்ட விடைத்தாள். “ஐயா, பாதிக்கு மேல் வாங்கியும் எப்படி ஐயா தவறுவேன்?” என்று கேட்டாள். படிப்பு வராதென்றால் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கு அனுப்பிவிடலாம் என்று முந்தின இரவு வீட்டில் பேச்சு எழுந்ததாக அத்தாய் சொன்னார். விடைத்தாளை எடுத்து வந்து கேட்கும் துணிவு அச்சிறுமிக்கு இருந்தது. கேளாது போன பிள்ளைகளை நினைத்தே அன்று நான் வருந்தினேன்.

திண்டுக்கல் பூட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. பூட்டை மாற்றினால், வீட்டில் ஐவரிடம் உள்ள ஐந்து சாவிகளையும் மாற்றித் தரவேண்டும். ஒருவரை மறந்தால் அவர் வாசலில் நிற்பார். எங்கள் நிரலில் வாசலில் நின்றவள் அச்சிறுமி. படியெடுத்த நிரலின் இயல்பு இதுவே. எழுதும்போது அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. திருத்தும்போது அந்த நேரத்தை வட்டியோடு கேட்கிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. கணினி பிறந்த காலத்திலேயே இத்தொல்லையும் பிறந்தது. 1944-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க்-1 கணினியில் பணியாற்றத் தொடங்கிய கிரேசு ஆப்பர் அம்மையார், தாமும் தோழர்களும் ஒருவர் குறிப்பேட்டிலிருந்து மற்றொருவர் நிரல் துண்டுகளைக் கையால் படியெடுத்ததையும், அப்போது பிழைகள் மலிந்ததையும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த வேலையைக் கணினியிடமே ஒப்படைக்க எண்ணி, 1952-இல் ஏ-0 என்னும் தொகுப்பியை உருவாக்கினார். 1999-இல் மார்ட்டின் பவுலர் வெளியிட்ட நூல், வெளியே தெரியும் செயல் மாறாமல் உள்ளமைப்பை மட்டும் சீராக்குவதையே மறுசீரமைத்தல் என்று விளக்கிற்று. நிரலின் கெடுநாற்றங்கள் என அந்நூல் அடுக்கும் பட்டியலில் முதலாவது இரட்டித்த நிரல். இரண்டாவது நீண்ட செயற்கூறு.

செயல் மாறாமல் அமைப்பை மாற்றுவது எங்ஙனம் எனச் சிலர் ஐயுறலாம். என் வயதினர் அதைக் கண்ணால் கண்டவர்கள். நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது ‘யானை’ என்னும் சொல்லின் ‘னை’ துதிக்கை போன்றதொரு சுழியுடன் எழுதப்பட்டது. கை, தை, மை ஆகியவற்றுக்கு ஒரு குறி. ணை, லை, ளை, னை ஆகிய நான்குக்கு மட்டும் வேறொன்று. ஆகாரத்திலும் ஒகர ஓகாரங்களிலும் இவ்வாறே ண, ற, ன ஆகியவை விலகி நின்றன. தந்தை பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட சீர்திருத்தத்தை ஏற்று, 1978-இல் தமிழக அரசு ஆணையிட்டது. பதின்மூன்று எழுத்துகள் பொதுவிதிக்குள் வந்தன. யானை யானையாகவே ஒலித்தது. ஒரு சொல்லின் பொருளும் மாறவில்லை. ஆனால் கற்கும் பிள்ளையின் சுமை குறைந்தது. அச்சுக் கோப்பவரின் சுமையும் குறைந்தது. மறுசீரமைத்தலுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மாணவச் செல்வங்களே, சீராக்க வேண்டிய நிரலைக் கண்டறியும் அடையாளங்கள் சில உண்டு. ஒரு செயற்கூறு திரையின் ஒரு பக்கத்தில் அடங்காமல் நீண்டால் ஐயுறுங்கள். அது செய்யும் வேலையைச் சொல்லும்போது “இதையும் செய்யும், அதையும் செய்யும்” என்று சொல்ல நேர்ந்தால், அது இரண்டாகப் பிரிய வேண்டியது. பெயரும் எண்ணும் மட்டும் மாறி ஒரே வரிகள் திரும்பத் திரும்ப வந்தால், அவை ஒன்றாக வேண்டியவை. இவற்றுள் சிலவற்றைச் சுட்டிக்காட்டும் பைலின்ட் போன்ற கருவிகள் விலையின்றியே கிடைக்கின்றன.

திருத்தும் முறையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். விடை தெரிந்த சில மதிப்பெண்களை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் 17, 18 போன்ற எல்லை எண்கள் கட்டாயம் இருக்கட்டும். பிறகு, திரும்ப வரும் வரிகளை ஒரு செயற்கூறாக்கி, அதன் வேலையைச் சொல்லும் பெயரை இடுங்கள். இடத்துக்கு இடம் மாறுவதை அளபுருவாக்குங்கள். சிறு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பிறகு நிரலை ஓட்டிப் பழைய விடையே வருகிறதா என்று பாருங்கள். சீராக்கும்போதே புதிய வசதியைச் சேர்க்காதீர்கள். பிழை எதனால் வந்தது என்று பிறகு அறிய முடியாது. எங்கள் பட்டியல் நிரலை அந்த இளைஞரே இவ்வாறு சீராக்கினார். அது எழுபது வரிகளுக்குள் அடங்கியது. தேர்ச்சி மதிப்பெண் இப்போது ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்வேன். ஒத்த தோற்றம் உடையவை எல்லாம் ஒன்றல்ல. தேர்ச்சி மதிப்பெண்ணும் 35, வகுப்பறை இருக்கைகளும் 35 என்றால், இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவிடாதீர்கள். நாளை ஒன்று மாறும், மற்றொன்று மாறாது. ஒரே காரணத்தால் மாறுபவற்றை மட்டும் ஒன்றாக்குங்கள்.

படியெடுத்த அந்த இளைஞரை நான் குறை கூறேன். கரும்பலகையிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து விடைத்தாளுக்கும் படியெடுக்கவே அவருக்குக் கற்பித்தோம். 2019-20-இல் வந்த மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் நூலின் முதற்பாடமே செயற்கூறுதான். அதையும் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் பெற்றார்கள். வேலைக்குச் சென்ற இடத்திலோ, பிறர் எழுதிய ஆயிரம் வரிகளைப் படித்துத் திருத்தச் சொன்னபோது திகைத்தார்கள். எழுத்து மறுக்கப்பட்ட தலைமுறைகளின் வழிவந்தவர்கள் நாம். எழுத்தைப் பார்த்து எழுதும் உரிமையோடு நாம் நின்றுவிடலாகாது. அதைப் புரிந்து திருத்தும் உரிமையும் நமக்கு வேண்டும்.

ஆகவே, கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாலை வகுப்பில் வாரம் ஒரு நாளை நிரல் எழுத அன்றி, எழுதியதைப் படித்துத் திருத்தவென ஒதுக்குங்கள். எங்கள் பள்ளியின் பழைய பட்டியல் நிரலை அவ்வகுப்புக்கு முதற்பாடமாகத் தருகிறேன். அதிலுள்ள பிழையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். விடைத்தாளோடு வந்து கேட்ட அம்மாணவி இப்போது மேல்நிலை முதலாம் ஆண்டில் கணினி அறிவியல் பயில்கிறாள். அவ்வகுப்பின் முதல் வரிசையில் அவளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.