சீட்டாட்டமும் தலையெழுத்தும்

(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



கடவுளைப் பற்றியோ, ஜாதியைப் பற்றியோ, புராணங்களைப் பற்றியோ பேசுவதற்கு நம்மை அழைப்பதுதான் வழக்கம். ஆனால் இக்கூட்டத்தைக் கூட்டிய வாலிபர்கள், கைப்பேசியில் ஆடுகிற போக்கர் என்னும் சீட்டாட்டத்தைக் கற்றுக்கொள்ள வழி என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சூதைப் பற்றிச் சுயமரியாதைக்காரன் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஏன் பேசக்கூடாது? சூது பாவம் என்று ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சொல்லியாகிவிட்டது. அதனால் ஒரு சூதாடியாவது குறைந்தானா? பாவம் என்று சொல்லுகிறவன் கணக்குச் சொல்லுவதில்லை. ஆகையால் நாம் இன்று கணக்கையே சொல்லப் போகிறோம்.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கொடுக்கப்படும். ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். ஏழு சீட்டில் சிறந்த ஐந்தைக் காட்டுகிறவனுக்கு, அல்லது மற்றவர்களெல்லாம் ஒதுங்கிய பிறகு மிஞ்சினவனுக்கு, நடுவில் சேர்ந்த பணம் போய்ச் சேரும். இவ்வளவுதான் ஆட்டம்.

இதில் தோற்றவனைக் கேட்டுப் பாருங்கள். “நேரம் சரியில்லை” என்பான். “ஏழரை நாட்டான் பிடித்திருக்கிறான்” என்பான். ஜெயித்தவனோ, “இன்று எழுந்த முகம் நல்ல முகம்” என்பான். இந்த வார்த்தைகள் எங்கேயிருந்து வந்தன? நளன் கதையிலிருந்து வந்தன. நளன் சூதாடி நாட்டைத் தோற்றான். காரணம் கேட்டால் சனி பிடித்தது என்கிறார்கள். சனி விட்ட இடம் திருநள்ளாறு என்று சொல்லி, இன்றைக்கும் லட்சக்கணக்கான ஜனங்கள் அங்கே போய்க் குளத்தில் முழுகி வருகிறார்கள். ஆனால் அந்தக் கதையையே கொஞ்சம் கவனித்துப் படித்தவர்களுக்கு வேறொரு சங்கதி தெரியும். நளன் தோற்றதை மீட்டது முழுக்குப் போட்டல்ல. இருதுபன்னன் என்கிற ராஜா, தான்றி மரத்தின் காய்களை ஒரே பார்வையில் எண்ணிச் சொல்லுகிற வித்தை தெரிந்தவன். அந்த எண்ணும் வித்தையை அவனிடத்தில் கற்றுக்கொண்ட பிறகுதான் நளன் போய் மறுபடியும் ஆடி ஜெயித்தான். கதை கட்டினவனுக்கே சூதுக்கு மருந்து எண்ணிக்கை என்பது தெரிந்திருக்கிறது! நம்முடைய ஜனங்களோ எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சனியைப் பிடித்துக்கொண்டார்கள்.

மேல்நாட்டிலும் இதே கதிதான் இருந்தது. இத்தாலி தேசத்தில் கார்டானோ என்று ஒரு வைத்தியர், 1501-ல் பிறந்தவர், பெரிய சூதாடி, பெரிய ஜோசியர், பெரிய கணக்காளர். மூன்றும் ஒரே மண்டைக்குள்ளே குடியிருந்தன. அவர் 1552-ல் இங்கிலாந்துக்குப் போய், பையனாயிருந்த ஆறாம் எட்வர்டு ராஜாவுக்கு ஜாதகம் கணித்து நீண்ட ஆயுள் என்று சொன்னார். அடுத்த வருஷமே அந்தப் பையன் 15-வது வயதில் இறந்து போனான். அதே கார்டானோ, தாயக்கட்டையை உருட்டினால் எந்த எண் எத்தனை வகையாக விழக்கூடும் என்று எண்ணி ஒரு புத்தகம் எழுதி வைத்தார். அவர் செத்து 87 வருஷம் கழித்து, 1663-ல் அது அச்சாயிற்று. ஒரே ஆள், ஒரே மூளை. ஜாதகம் ஒரு வருஷங்கூடத் தாங்கவில்லை; தாயக்கட்டைக் கணக்கின் அடிப்படை இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

சரி, போக்கருக்கு வருவோம். நாம் பெரிய கணிதம் படித்தவர்களல்ல. ஒரு கட்டுச் சீட்டும் ஒரு பென்சிலும் போதும். உங்கள் கையில் இரண்டு ஆர்ட்டின் சீட்டு. நடுவில் நான்கு சீட்டு திறந்தாகிவிட்டது; அதில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒரு ஆர்ட்டின் விழுந்தால் ஐந்தும் ஒரே ஜாதியாகி (சீட்டுக் கட்டிலாவது ஜாதிக்கு ஒரு பிரயோசனமிருக்கிறது!) நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 46. அதில் ஆர்ட்டின் 9. உதவாத சீட்டு 37. எதிராளி பணம் கட்டிவிட்டான். நடுவில் 300 ரூபாய் இருக்கிறது. நீங்கள் கடைசிச் சீட்டைப் பார்க்க 100 ரூபாய் கட்டவேண்டும். கட்டலாமா?

நேரம் பார்க்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவான். எண்ணத் தெரிந்தவன் என்ன செய்வான்? இதே நிலைமை 46 தடவை வந்தால், 37 தடவை நூறு நூறாய் 3700 ரூபாய் போகும்; 9 தடவை முந்நூறு முந்நூறாய் 2700 ரூபாய் வரும். ஆயிரம் ரூபாய் நஷ்டம். ஆகவே கவிழ்த்துவிடவேண்டும். அதே சீட்டுக்கு நடுவில் 500 ரூபாய் இருந்தால்? வரவு 4500, செலவு 3700. கட்டலாம். சீட்டு மாறவில்லை, கிரகம் மாறவில்லை. நடுவிலுள்ள பணம் மாறியது, பதிலும் மாறியது. போக்கர் கற்றுக்கொள்ளுவது என்பதில் முக்காற்பங்கு இதுதான்.

இன்னொன்று. இரண்டு ஏஸ் கையில் வருவதைவிட நல்ல ஆரம்பம் இந்த ஆட்டத்தில் இல்லை. அது 221 தடவைக்கு ஒரு தடவைதான் வரும். அதை வைத்துக்கொண்டு, ஏதோ இரண்டு சீட்டு வைத்திருக்கிற ஒருவனோடு கடைசிவரை ஆடினாலும், நூற்றுக்குச் சுமார் 15 தடவை தோற்கவே செய்வீர்கள். அந்தப் பதினைந்தில் ஒன்று நேர்ந்துவிட்டால் நம் வாலிபன் தலையில் கை வைத்துக்கொண்டு, விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரட்டிப்பாய்க் கட்டுகிறான். ஐந்து தடவை தோற்றவனுக்கு ஆறாவது தடவை ஜெயம் கிடைத்தே தீரும் என்பது அவன் நம்பிக்கை. சீட்டுக்கு ஞாபகம் ஏது? முன் ஆட்டத்தில் அழுதவன் யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆகவே கற்றுக்கொள்ள விரும்புகிறவன், ஜெயித்தேனா தோற்றேனா என்று பார்க்காமல், கட்டினது கணக்குப்படி சரியா தப்பா என்று நோட்டில் எழுதிப் பார்க்கவேண்டும். தான் கெட்டிக்காரனா அல்லவா என்பது பத்து ஆட்டத்தில் தெரியாது. பல பதினாயிரம் ஆட்டம் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

தோழர்களே! இதுவரை சொன்னதைக் கேட்டு, “அப்படியானால் இது திறமை விளையாட்டுத்தானே, பணம் வைத்து ஆடினால் என்ன?” என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டுச் சட்டசபை 2022-ல் நிறைவேற்றி, 2023-ல் மறுபடியும் நிறைவேற்றிய சட்டம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று அட்டவணையில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவை திறமை விளையாட்டுக்கள் என்று சொல்லி அட்டவணையைத் தள்ளிவிட்டது. பிறகு 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட், திறமையானாலும் சரி அதிர்ஷ்டமானாலும் சரி, இணையத்தில் பணம் வைத்து ஆடுவிக்கிற தொழிலையே தடுத்துச் சட்டம் செய்தது. சட்டங்களை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: திறமை என்றால் யாருடைய திறமை? சகுனி ஆடியதும் திறமைதான். தர்மனுக்கு இருந்தது ஆசை மட்டும். மேசையில் உட்காருகிறவன் தான் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா?

சகுனி இப்போது மனிதனாய்த்தான் இருப்பான் என்பதுமில்லை. 2017 ஜனவரியில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில், லிப்ராடஸ் என்கிற கம்ப்யூட்டர் புரோகிராம், ஆட்டத்தையே தொழிலாய்க் கொண்ட நான்கு பேரோடு 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடி ஜெயித்தது. அதற்கு ஜாதகமில்லை, ராகுகாலமில்லை, குலதெய்வமுமில்லை. 2019-ல் ஆறு பேர் உட்காரும் மேசையிலும் வேறொரு புரோகிராம் கைதேர்ந்தவர்களை ஜெயித்தது. கைப்பேசிக்கு அப்பால் இருப்பது ஆளா, கருவியின் சொற்படி ஆடுகிற ஆளா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவும் போகட்டும், மேசைக்காரனைப் பாருங்கள். நான்கு பேரும் சமமான கெட்டிக்காரர்கள், ஆளுக்கு ஆயிரம் ரூபாய், ஆக நாலாயிரம் என்று வைத்துக்கொள்ளுவோம். ஆட்டத்துக்கு நடுவில் சேருவது நூறு ரூபாய். அதில் மேசைக்காரன் எடுத்துக்கொள்ளுகிற கமிஷன் ஐந்து ரூபாய். இப்படியே நடந்தால் 800 ஆட்டத்தில் நாலாயிரமும் அவனுடைய பெட்டியில்! மணிக்கு 80 ஆட்டம் என்றாலும் பத்து மணி நேரம். கோவில் உண்டியலிலாவது போட்டவன் போனவுடன் வேறொருவன் வரவேண்டும். இங்கே உட்கார்ந்தவர்களே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்கு பேரில் ஒருவன் மிகவும் கெட்டிக்காரனாயிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மிஞ்சலாம். மற்ற மூவரும் அவனுக்கும் மேசைக்காரனுக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுக்கிறவர்கள்.

இதனால்தான் பணமில்லாமல் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறோம். ரூபாய்க்குப் பதில் புளியங்கொட்டை வையுங்கள். 9-க்கும் 37-க்கும் உள்ள வித்தியாசத்தைப் புளியங்கொட்டையும் அதே மாதிரிதான் காட்டும். ஆனால் வீட்டில் யாருடைய தாலியும் அடகுக்குப் போகாது.

நாம் வரும்போது ஒரு கட்டுச் சீட்டும் ஒரு படி புளியங்கொட்டையும் கொண்டு வந்திருக்கிறோம். நோட்டு நீங்கள் கொண்டு வந்திருப்பீர்கள். கூட்டம் கலைந்ததும், நேரம் பார்க்கிற தோழர் ஒருவர் நல்ல நேரமாகவே பார்த்து வந்து உட்காரட்டும். அந்த 46 சீட்டையும் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்து, மறுபடியும் கலைத்து, நூறு தடவை எழுதுவோம்.