மூவகை அளவையும் திருவருளும்

 

சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூரும், முருகப்பெருமான் கோயில் கொண்டருளும் வல்லக்கோட்டையும் அணிசெய்யும் நிலப்பகுதி இது. ஏரியும் வயலுமாய்த் திகழ்ந்த இந்நிலத்தில், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது; பின்னர் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் பெருகின. பகலில் பொறியின் முன்னும் மாலையில் பெருமான் திருமுன்னும் நிற்கும் இளைஞர் பலர் இச்சபையில் அமர்ந்துள்ளனர். “விஞ்ஞானத்தை நம்புவதா, சுவாமியை நம்புவதா?” என்று அவர்கள் எம்மை வினவுவதுண்டு. அதனையே இன்று சிந்திப்போம்.

சைவ சித்தாந்தம் ஆராய்ச்சிக்கு அஞ்சும் நெறியன்று. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார், தம் சிவஞான சித்தியாரில் கொள்கையை நிறுவப் புகுமுன் அளவையையே ஆராய்ந்தார். ஒரு பொருளை இன்னதென்று துணிதற்குரிய கருவியே அளவை. பிறர் பலவாக எண்ணிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அவர் அடக்கிக் காட்டினார்.

இம்மூன்றும் உங்கள் ஆலையிலேயே உள்ளன. மைக்ரோமீட்டரால் ஓர் உறுப்பின் பருமனை அளந்தறிதல் காண்டல். ஓசை மாறியது கேட்டு, உள்ளே பேரிங் தேய்ந்தது என்று துணிதல் கருதல். மலைமேற் புகை கண்டு நெருப்புண்டு என்று கொள்ளும் பழைய உதாரணமும் இதுவே. மூத்த தொழிலாளியின் சொல்லை நம்பி முதல்நாள் வேலை பயில்வது உரை. எல்லாவற்றையும் தாமே சோதித்த பின்னரே வேலை தொடங்குவோம் என்பார் எவருமிலர். தக்கார் சொல்லை நம்புதல் அறிவுக்குப் பகையன்று. அறிவு புகும் வாயில்.

ஆயின், ஒன்றற்குரிய இடத்தில் மற்றொன்றை வைத்தல் பிழையாம். சில ஆண்டுகட்கு முன் ஓர் அன்னையார் தம் மகனுடன் எம்மிடம் வந்தார். ஒரு சிறு பட்டறையில், பிரஸ் இயந்திரத்தில் அகப்பட்டு அவனுடைய வலக்கை விரல்கள் இரண்டு போயின. “எல்லாம் முன்வினை, சாமி, சிவன் விட்ட வழி” என்று அழுதார். மகனோ தலைகுனிந்து, “கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சாரை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று கழற்றி வைத்திருந்தார்கள், ஐயா” என்றான்.

யாம் அப்போது வாளாவிருந்திருப்பின் பெருமானுக்கே பழி சேர்த்தவராவோம். வினைக்கொள்கை நம் சமயத்தின் உயிர்நாடி, அதனை மறுக்கோம். ஆயினும், கண்ணெதிரே தோன்றும் காரணத்தை மறைக்க அதனைத் திரையாக்குதல் தகாது. சென்சாரைக் கழற்றியதும் ஒரு வினையே; செய்தவர்க்கு அதன் பயனும் உண்டு. “அம்மா, திருநீறு இட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சென்சாரை மறுபடி மாட்டச் சொல்லிக் கேட்பதும் சிவபுண்ணியமே, அங்கே பிறர் பெற்ற பிள்ளைகள் இன்னும் வேலை செய்கிறார்கள்” என்றோம்.

அங்ஙனமாயின் பக்திக்கு இடம் யாது? அவ்விளைஞன் தனியே வந்து, “இந்தக் கையோடு நான் எதற்காக வாழ்வது, ஐயா?” என்று கேட்டான். இதனை அளக்க மைக்ரோமீட்டர் இல்லை. சென்சார் கையை உணரும். அது ஒரு தாயின் பிள்ளையுடைய கை என்று அறியாது. கருவிகொண்டு அறிவது உயிர். ஒளியின்றிக் கண் காணாதவாறு, இறைவன் அறிவித்தாலன்றி உயிரும் அறியாது என்பது மெய்கண்டார் காட்டிய நெறி. யாம் அவனுக்கு உபதேசம் ஏதும் செய்யவில்லை. மாலைதோறும் வழிபாட்டுக்கு வருமாறு அழைத்தோம். வந்தான். நாளடைவில் மனம் தேறினான். புதிதாய் வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம், “சென்சார் இல்லாத பிரஸ்ஸில் கை வைக்காதே” என்று இப்போது அவனே சொல்லி வருகிறான். அவர்கட்கு அவன் சொல்லே உரை அளவை.

அன்பர்களே! ஆயுத பூசையன்று பொறிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றீர்கள். இடுமுன் அதன் பாதுகாப்புத் தடுப்புகள் செவ்வனே உள்ளனவா என்று பாருங்கள். அதுவும் பூசையின் ஓர் அங்கமே.

திருச்சிற்றம்பலம்.