ஞாயிறு வரைந்த பாசிகள்



இலையையும் பூவையும் கண்டு வரைவது சித்திரக்காரர் மரபு. அவற்றையே தாளின்மேற் கிடத்தி, ஞாயிற்றின் ஒளியைக்கொண்டு வரைவித்தல் வேறொரு முறை. புத்தக அட்டையும் துணிக்கோலமும் வகுப்போர் இன்றும் கையாளும் நீலப்பட முறை அது.

இங்கிலாந்திலே ஜோன் ஹேர்ஷல் என்னும் விஞ்ஞானி 1842 ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். இரும்புச் சத்துள்ள உப்பொன்றையும் பொற்றாசியம் பெரிசயனைட்டையும் நீரிற் கரைத்துத் தாளிற் பூசி, இருளில் உலர்த்தவேண்டும். அதன்மேற் செடியை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலிற் காட்டினால், ஒளி பட்ட இடமெங்கும் பிரசிய நீலம் என்னும் கரையாத நிறப்பொருள் உண்டாகும். பின்னர்த் தண்ணீரிற் கழுவ, செடி மறைத்த இடத்து மருந்து கரைந்துபோகும். நீலப் பரப்பிலே வெள்ளுருவம் நிற்கும். கமரா வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டிலேயே அன்னா அற்கின்ஸ் அம்மையார் இம்முறையாற் கடற்பாசிகளைப் படமாக்கத் தொடங்கினார். தந்தையார் மொழிபெயர்த்த சிப்பியின நூலுக்கு இருநூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தம் கையால் வரைந்தவர் அவர். வரையத் தெரியாமல் வெயிலை நாடியவரல்லர். மயிரிழை போன்ற பாசிக்கிளைகளைக் கையாற் பிழையற வரைதல் அரிது என்பதை அறிந்தே நாடினார். 1843 முதல் 1853 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூலே ஒளிப்படங்களைக் கொண்ட முதல் நூலென மதிக்கப்படுகின்றது. பாசிகளின் பெயர்களும் அதே நீலத்தில் அமைந்தவை. ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே வெயில் காய்ந்தது!

ஞாயிறே வரையுமாயின் கலைஞருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தடித்த இலை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். மெல்லிய பாசியோ ஒளியைச் சிறிது உட்புகவிட்டு, தன் மடிப்புகளையும் காட்டும். உருவைப் பெருக்கவும் முடியாது, சுருக்கவும் முடியாது. ஆகவே எதைத் தேர்வது, எப்படிக் கிடத்துவது என்பதிலேதான் கலை முழுவதும் அடங்கியுள்ளது. அற்கின்ஸ் அம்மையாரின் பக்கங்களிற் பாசிகள் நீரில் மிதப்பனபோற் கிடப்பது தற்செயலன்று.

இன்று சிலர் பாதி வெயிலிலே செடியை நகர்த்தி இரட்டை நிழல் பெறுகின்றனர். சிலர் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து நீலத்தைக் கருமையாக்குகின்றனர். எனக்கு அந்த நீலமே போதும்.

துணியில் அச்சிடுவோர் சவர்க்காரத்தை விலக்குக; அதன் காரம் நீலத்தை மஞ்சளாக்கிவிடும். நெடுநாள் வெளிச்சத்தில் தொங்கி வெளிறிய படமோ, சிலகாலம் இருளில் வைத்தாற் பெரும்பாலும் தன் நிறத்தை மீளப் பெறும்.