உங்கள் பிள்ளையின் அட்டை எங்கே?

(குமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில், இளைஞர்களும் வணிகர்களும் திரண்டிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இன்று இட ஒதுக்கீடு பற்றியோ, வக்ஃபு சொத்துக்கள் பற்றியோ நான் பேசப் போவதில்லை. அவற்றைப் பேச வேறு மேடைகள் இருக்கின்றன. ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

உங்கள் ரேஷன் கார்டு எங்கே? பீரோவில். ஆதார்? பர்சில். பாஸ்போர்ட்? அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்போம். வளைகுடாவை நம்பி அடுப்பெரியும் ஊர்களல்லவா நம்முடையவை! கடையின் ஜி.எஸ்.டி. கணக்கு? கணக்கரிடம் பத்திரமாக இருக்கிறது. சரி, உங்கள் வீட்டில் ஒன்றரை வயதில் ஒரு பிள்ளை ஓடி விளையாடுகிறதே, அந்தப் பிள்ளையின் தடுப்பூசி அட்டை எங்கே?

ஒரு கைகூட உயரவில்லை! "அது வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்" என்று பின்னாலிருந்து ஒரு தம்பி சொல்கிறார். சிரிக்கிறீர்கள். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமா? ஒரு மூட்டை அரிசி எந்தத் தேதியில் வந்தது, யாருக்குப் போனது என்று விரல் நுனியில் வைத்திருக்கிற நாம், பெற்ற பிள்ளைக்கு அடுத்த ஊசி எந்தத் தேதியில் என்று தெரியாமல் இருக்கிறோமே, இது நியாயமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

குளியலறையில் தொடங்கிய மருத்துவமனை

நம் மாவட்டத்துக்கு மருத்துவம் நேற்று வந்ததல்ல. 1838-லேயே ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற டாக்டர் லண்டன் மிஷனின் சார்பில் நெய்யூருக்கு வந்து வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1922-ல் எவரெஸ்ட் சிகரம் ஏறப் போன குழுவில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூரைப் பார்க்க வந்தார். வரிசையில் காத்துக் கிடந்த நோயாளிகளையும், அவர்களுக்கு மத்தியில் திண்டாடிக்கொண்டிருந்த டாக்டரையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு, நம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கத்தி பிடித்து மக்களைப் பிழைக்க வைத்தார்.

நாகர்கோவில் கேதரின் பூத் மருத்துவமனையின் கதை இதைவிடப் பெரிய பாடம். இரட்சணிய சேனையைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளைஞர் 1890-களில் தம் குடியிருப்பின் குளியலறையில்தான் அதைத் தொடங்கினார்.  பிறகு டாக்டரானார். 1919-ல் வசீரிஸ்தானில் காயம்பட்டவர்களைக் காப்பாற்றும்போது உயிரை விட்டார்.

நம் வீட்டுப் பெத்தும்மாமார்களைக் கேட்டுப் பாருங்கள். பிரசவத்துக்கும், பிள்ளையின் காய்ச்சலுக்கும் அந்த வாசல்களில் ஏறி இறங்காத குடும்பம் எது? அவர்கள் வேற்று மதத்தவர் என்று நாம் தயங்கவில்லை. நாம் முஸ்லிம்கள் என்று அவர்களும் தள்ளவில்லை. இந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் நன்றி சொன்னதோடு நம் கடமை முடிந்ததா? கட்டடம் இல்லை, நிதி இல்லை என்று காரணம் சொல்லிக்கொண்டிருக்கும் நமக்கு, அந்தக் குளியலறை ஒன்றும் சொல்லவில்லையா?

நான் வாயை மூடியிருந்த வெள்ளிக்கிழமை

இனி சொல்லப்போவது என்னுடைய குற்றம். மறைக்க விரும்பவில்லை.

2017 பிப்ரவரி. தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடும் முகாம் தொடங்கியது. கூடவே வாட்ஸ்அப்பில் வதந்தியும் தொடங்கியது. "இந்த ஊசி போட்டால் பிள்ளைப்பேறு இருக்காது", "நம் சமுதாயத்தைக் குறைக்கத்தான் இது" என்று, யார் பேசுகிறார் என்றே தெரியாத குரல் பதிவுகள் கைக்குக் கை பறந்தன.

எங்கள் பகுதியில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர் ஒருவர் அந்த வெள்ளிக்கிழமை காலை என்னைத் தேடி வந்தார். இந்துச் சகோதரர். "ஜும்ஆ முடிந்ததும் இரண்டு நிமிடம் இதைப் பற்றிச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்" என்றார். "கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். கேட்கவில்லை. நான்கு பேர் முகம் சுளிப்பார்களே என்ற பயம்! மிம்பரில் நின்று எதையெதையோ பேசினேன். அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் பேசவில்லை.

இரண்டு வருடம் கழித்து எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளைக்கு மணல்வாரி போட்டது. அம்மைதானே, ஒரு வாரத்தில் இறங்கிவிடும் என்று விட்டார்கள். சளி நெஞ்சில் இறங்கி நிமோனியாவாகியது. பிறகு காதில் சீழ் வடிந்தது. அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை பிழைத்தது. ஆனால் ஒரு காது இன்றும் சரியாகக் கேட்பதில்லை. பார்க்கப் போன என்னிடம் அந்தத் தாய் சொன்னார்: "அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் பிள்ளைக்கு ஊசி போட்டிருப்பேனே உஸ்தாதே!"

அந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்தவர் அதே டாக்டர்தான். என்னிடம் ஒரு சொல் குறைசொல்லவில்லை. தாயிடம், "அடுத்த பிள்ளையின் அட்டையை எடுத்து வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அன்றுதான் அட்டையின் அருமை எனக்குப் புரிந்தது.

ஹாஜியாருக்கு ஆகும், பேரனுக்கு ஆகாதா?

ஒன்று கேட்கிறேன். ஹஜ்ஜுக்குப் போகிறவர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடாமல் போக முடியுமா? முடியாது. சவூதி அரசாங்கமே கேட்கிறது. எல்லா ஹாஜிமார்களும் கையை நீட்டிப் போட்டுக்கொள்கிறார்கள். பாட்டனார் போட்டுக்கொண்டால் பாதுகாப்பு, பேரனுக்குப் போட்டால் சதியா?

தட்டம்மையும் பெரியம்மையும் வேறு வேறு நோய்கள் என்று பிரித்துத் தனி நூல் எழுதியவர் யார் தெரியுமா? ரய் நகரத்து மருத்துவர் அர்-ராஸீ. 925 வாக்கில் மறைந்தவர். பிள்ளைகளின் நோய்களுக்கென்றே தனியாக ஒரு நூலும் எழுதினார். அவற்றை ஐரோப்பா லத்தீனில் மொழிபெயர்த்துப் படித்தது. அப்படிப்பட்டவரின் வழியில் வந்த நாம், முகம் தெரியாதவனின் குரல் பதிவைக் கேட்டுப் பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்து வைக்கிறோம்!

பக்கத்திலிருக்கும் மலப்புறத்தைப் பாருங்கள். 2015, 2016 ஆண்டுகளில் தொண்டை அடைப்பான் நோய் அங்கே பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. ஊசியால் தடுக்கக்கூடிய நோய் அது! 2022 கடைசியில் அதே மாவட்டத்தில் தட்டம்மை பரவியது. மறுபக்கத்தையும் பாருங்கள். 2002-ல் இந்தியாவில் 1,600 பிள்ளைகளை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. அதில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். அங்கும் இதே வதந்திதான். அலிகர் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் களத்தில் இறங்கின. இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2011 ஜனவரி 13-ல் ஹவுராவில் நோய் கண்ட ஒரு சிறுமிதான் கடைசி. 2014 மார்ச் 27-ல் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆலிமும் டாக்டரும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வயிற்றோட்டமும் மூச்சிரைப்பும்

பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் நம் வீடுகளில் முதலில் என்ன செய்கிறோம்? தண்ணீரை நிறுத்துகிறோம். அல்லது தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பிள்ளையைக் கொல்வது வயிற்றோட்டத்தில் வெளியேறுகிற நீரின் இழப்புதான். அதைத் திருப்பிக் கொடுக்காமல் வேறு எதைச் செய்து என்ன பயன்?

1971-ல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்கு வந்தபோது, பன்காவ் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோனது. குழந்தை மருத்துவரான திலீப் மஹலனாபிஸ், உப்பும் குளுகோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்தார். 100-க்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 4 பேருக்கும் கீழே வந்தது. அதைச் செய்தவர்கள் தாய்மார்களும் தகப்பன்மார்களும்தான்!

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடாதீர்கள். ஒரு லிட்டர் பொட்டலமென்றால் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்குத் தட்டையாக அளந்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. டாக்டர் சொன்ன துத்தநாக மாத்திரையை, வயிற்றோட்டம் நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். கண் குழிவிழுந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, பிள்ளை துவண்டாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ காத்திருக்காதீர்கள்.

சளி பிடித்தால் பிள்ளை தூங்கும்போது சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது நிமோனியாவாக இருக்கலாம். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் அந்த நிமிடமே டாக்டரிடம் போங்கள். கடையில் கேட்டு வாங்கிய இருமல் டானிக்கை ஊற்றாதீர்கள். 2025-ல் நம் தமிழ்நாட்டில் தயாரான ஒரு இருமல் மருந்தில் நச்சு கலந்து, மத்தியப் பிரதேசத்தில் பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்த கொடுமையை மறந்துவிட்டீர்களா? இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இருமல் மருந்து எழுதவே வேண்டாம் என்று மத்திய அரசு அப்போது டாக்டர்களுக்கே அறிவுறுத்தியது.

வியாபாரிகளிடம் ஒரு வார்த்தை

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு நகர்வலம் போகும்போது ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். பால் மறந்த பிள்ளைக்குத்தான் உதவித்தொகை என்ற சட்டத்தால், அந்தத் தாய் அவசரமாகப் பாலை மறக்கடித்துக்கொண்டிருந்தார். உமர் (ரலி) கலங்கிப்போனார்கள். பிறந்த நாள் முதலே எல்லாக் குழந்தைக்கும் உதவித்தொகை என்று சட்டத்தை மாற்றினார்கள். ஒரு பிள்ளையின் அழுகை ஓர் அரசாங்கத்தின் சட்டத்தை மாற்றியது!

இங்கே நாம் என்ன செய்கிறோம்? வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில் பால்பவுடர் டின். அது வந்தால்தான் வீட்டுக்குக் கௌரவம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தப் பெரியவர்கள் குடிக்கிற பால்பவுடர் ஏற்றதே அல்ல. கடைக்காரச் சகோதரர்களே! குழந்தைப் பால்மாவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முகப்பில் அடுக்கிக் கவர்ச்சி காட்டாதீர்கள். கேட்டு வருகிற தாயிடம், "டாக்டரிடம் கேட்டீர்களா, உம்மா?" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வியாபாரத்தில் பரக்கத் குறைந்துவிடாது.

இனி என்ன செய்யப் போகிறோம்?

குழந்தை டாக்டர் என்பவர் காய்ச்சலுக்கு ஓடிப்போய்ப் பார்க்கிற ஆள் மட்டுமல்ல. பிள்ளை நலமாக இருக்கும்போதே எடை போட்டு, உயரம் அளந்து, பேச்சும் காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, அட்டையில் எழுதி வைக்கிறவர். வருடக்கணக்கில் ஒரு குடும்பத்தை அறிந்த டாக்டர் நமக்கு வேண்டும். அவரை மஹல்லாவோடு இணைப்பது நம் பொறுப்பு.

ஒன்று: தம்பிமார்களே, உங்கள் தெருவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். யாருக்கு எந்த ஊசி பாக்கி என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு எழுதுங்கள். வீட்டுக்குப் போய்ப் பிரசங்கம் செய்யாதீர்கள். தேதியை மட்டும் நினைவூட்டுங்கள்.

இரண்டு: தடுப்பூசி நாளைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். மய்யித் அறிவிப்புக்கு இருக்கிற ஒலிபெருக்கி, பிள்ளை வாழ்வதற்கும் ஒலிக்கட்டுமே!

மூன்று: மதரஸா அலமாரியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருக்கட்டும். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் கிடைக்கட்டும்.

நான்கு: முதலாளிமார்களே, உங்கள் கடையில் நிற்கும் பெண் பிள்ளையை டாக்டரிடம் காட்டப் போனால் அரை நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். அவர் எந்த மதமானாலும் சரி.

ஐந்து: கல்யாணம் இல்லாத நாட்களில் நம் மண்டபங்கள் பூட்டித்தானே கிடக்கின்றன? மாதத்தில் ஒரு நாள் காலை, ஓர் அறையைத் திறந்து ஒரு தராசையும் மேசையையும் போட்டு, குழந்தை டாக்டரை அழையுங்கள். தெருவிலுள்ள எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் வரட்டும். ஜகாத்தை அதற்குரியவர்களுக்குக் கொடுங்கள். இந்தச் செலவைச் சதகாவிலிருந்து பாருங்கள். அவசரமான பிள்ளைகளுக்கு 2001 முதல் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் அறை அதற்குப் போட்டியல்ல. அங்கே போகவேண்டிய நிலை வராமல் காக்கிற அறை.

என் ஊரில் அந்த டாக்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஒரு நாள் சொல்லுங்கள், வருகிறேன்" என்றார். வந்துகொண்டிருக்கிறார். அந்தப் பெண்பிள்ளையின் தாய்தான் இன்று வாசலில் உட்கார்ந்து பெயர் எழுதுகிறார். முதல் கேள்வியாக எல்லோரிடமும் என்ன கேட்கிறார் தெரியுமா?

"அட்டை எங்கே?"

சகோதரர்களே! வீட்டுக்குப் போனதும் அந்த அட்டையைத் தேடி எடுங்கள். தேதியைப் பாருங்கள். தவறியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். தவறிய ஊசிகளில் பலவற்றை இன்னும் போட வழியிருக்கிறது. டாக்டரிடம் போங்கள். நம்மிடம் அமானிதமாகத் தரப்பட்ட பிஞ்சுகளைக் காக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.