சார்ஜர் இருக்கா அண்ணாச்சி?

(பழைய மாணவர் சந்திப்பு நாளில் ஆற்றிய உரை)



என்னோடு இயற்பியல் படித்தவர்களில் இரண்டு மூன்று பேர் பேராசிரியர் ஆனார்கள். நாலைந்து பேர் வங்கிக்குப் போனார்கள். நான் அருப்புக்கோட்டையிலேயே ரேடியோ ரிப்பேர் கடை வைத்தேன். ரேடியோ போய் டி.வி. வந்தது, டி.வி. போய் செல்போன் வந்தது. அதே கடை, அதே நாற்காலிதான். சங்கச் செயலாளரிடம் என்ன பேச என்று கேட்டேன். "உன் கடையைப் பத்தியே பேசுப்பா" என்றார். அதனால் என் மேஜை மேல் தினமும் வந்து விழுகிற ஒரு சமாச்சாரத்தைப் பேசப் போகிறேன். சார்ஜர் ஒயர்.

சிரிக்கிறீர்கள், சிரிங்க. இந்த ஹாலில் இப்போது போனில் சார்ஜ் குறைந்து, பக்கத்துச் சீட்டுக்காரரிடம் "சார்ஜர் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்க நினைத்துக்கொண்டிருப்பவர் பத்துப் பேராவது இருப்பீர்கள்.

நான் கடை வைத்தபோது டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குக் கம்பெனி பார்த்தா செல் வாங்கினோம்? திருச்சுழியிலோ, அதைத் தாண்டி நரிக்குடியிலோ, எந்தப் பெட்டிக்கடையில் வாங்கினாலும் டார்ச் செல் ரேடியோவுக்கும் பொருந்தும், டார்ச்சுக்கும் பொருந்தும். ஒரே அளவு, ஒன்றரை வோல்ட். அது ஒரு வசதி என்றே யாரும் நினைத்ததில்லை.

2003இல் இன்கமிங் இலவசமானதும் நம்ம பக்கம் செல்போன் பரவ ஆரம்பித்தது. அப்போது நோக்கியா 1100தான் ராஜா. ராத்திரி கிணற்றடியில் மோட்டார் போடப் போகிறவருக்கு அதில் இருந்த டார்ச் லைட் பெரிய விஷயம். அதன் சார்ஜர் 3.5 மில்லிமீட்டர் குண்டு பின். டீக்கடை, சலூன், பூக்கடை, எங்கே கேட்டாலும் கிடைக்கும். 2005 வாக்கில் அதே கம்பெனி 2 மில்லிமீட்டர் ஊசிப் பின்னுக்கு மாறியது. குண்டை ஊசியாக்கும் சின்னத் துண்டு ஒன்றும் வந்தது. கொண்டுவந்த அன்றைக்கே தீர்ந்துவிடும். சாம்சங்குக்குத் தட்டைப் பின், சோனி எரிக்சனுக்கு வேறு, எல்.ஜி.க்கு வேறு. நாலு தலை, அஞ்சு தலை வைத்த சார்ஜரெல்லாம் விற்றேன். அதுவும் சரிப்படாதவர்கள் பேட்டரியைக் கழற்றிக் கிளிப்பில் மாட்டி ஏற்றினார்கள்.

அப்புறம்தான் யு.எஸ்.பி. வந்தது. இன்றைக்கும் கடைகளில் மினி யு.எஸ்.பி.யை வி3 என்றும், மைக்ரோ யு.எஸ்.பி.யை வி8 என்றும்தான் கேட்பார்கள். எந்தத் தரப் புத்தகத்திலும் இந்தப் பெயர் கிடையாது. 2004இல் வந்த மோட்டோரோலா ரேசர் வி3 போனில் மினி சாக்கெட். 2007இல் வந்த வி8 போனில் மைக்ரோ சாக்கெட். போன்கள் போய்ச் சேர்ந்துவிட்டன, பெயர் மட்டும் நம்ம ஊரில் தங்கிவிட்டது.

2009இல் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியில், மைக்ரோ யு.எஸ்.பி.யைப் பொதுவாக ஏற்கும் ஒப்பந்தத்தில் 14 கம்பெனிகள் சேர்ந்தன. ஆப்பிளும் அதில் உண்டு. ஆனால் மாற்றுத் துண்டு கொடுத்தால் போதும் என்று அதிலேயே ஒரு வழி இருந்தது. 2012இல் அவர்கள் லைட்னிங் என்று தனிப் பின்னோடு வந்தார்கள். அது நம்ம ஊரில் நாலு பேர் கவலை. மற்றவர்களுக்கு அந்த ஒப்பந்தத்தின் பலன் நன்றாகவே வந்து சேர்ந்தது. பல வருஷம் எந்த வீட்டிலும் வி8 ஒயர் இருந்தது. அதில் ஒரு நல்ல யோசனையும் உண்டு. பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் கொக்கியை ஒயர்ப் பக்கம் வைத்தார்கள். தேய்ந்தால் ஒயர் தேயட்டும், போன் பிழைக்கட்டும் என்று கணக்கு. என் தொழிலுக்கு அது நஷ்டம்தான், பரவாயில்லை.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நூறு நாள் வேலைத் தளங்களில் செயலி மூலம் வருகைப் பதிவு 2023 ஜனவரி 1 முதல் எல்லா இடத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம், இடக் குறியோடு ஏற்ற வேண்டியிருந்தது. படம் ஏறாவிட்டால் அன்றைய கூலிக்கு அலைய வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஒரு நாள் கடை திறக்கும்போதே, திருச்சுழிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஒரு பணித்தளப் பொறுப்பாளர் அம்மா வந்து நின்றார். போன் செத்துக் கிடந்தது.

"சாக்கெட் போச்சாம்மா?"

"போன் நல்லாத்தான் இருக்குண்ணே. ஒயருதான் அந்துபோச்சு. எங்க தெருவுல ராத்திரி பூரா கேட்டுப் பாத்துட்டேன். எல்லாரும் சி டைப்புக்கு மாறிட்டாங்க. எம் மகன்கிட்டயும் அதேதான். நாப்பது பொம்பளைக கண்மாய்க்கரையில காத்துக்கிட்டு இருக்காக."

கவனியுங்கள். அந்த ஊரில் கரண்ட் இருக்கிறது, சார்ஜர் இருக்கிறது, போனும் பழுதில்லை. தரம் மாறிவிட்டது, அவ்வளவுதான். புதுத் தரம் வரும்போது வசதி உள்ளவர்கள் முதலில் மாறுகிறார்கள். பழைய போனை விடமுடியாதவர் கடைசியில் நிற்கிறார். அவர் நிற்கும்போது இரவல் தரப் பக்கத்து வீட்டில் பழைய ஒயர் இல்லை. அந்த அம்மாவுக்கு ஒரு வி8 ஒயரும், சி ஒயரின் முனையில் மாட்டினால் அதை வி8 ஆக்கும் குண்டுமணி அளவுத் துண்டு ஒன்றும் கொடுத்தேன். கடையிலேயே பத்து நிமிஷம் சார்ஜ் ஏற்றி, அடுத்த பஸ்ஸுக்கு ஓடினார். அன்றைக்குப் படம் ஏறியதா என்று எனக்குத் தெரியாது.

சி டைப்பை நான் குறை சொல்லவில்லை. 2014இல் வெளியான தரம் அது. எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையும். கண் மங்கியவர்களுக்கு அதுவே பெரிய உதவி. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2022 அக்டோபரில் 602 ஓட்டுக்கு 13 என்று சட்டமாகவே போட்டுவிட்டது. போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதல், லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 முதல். ஆப்பிளும் 2023 செப்டம்பரில் ஐபோன் 15இல் சி சாக்கெட் வைத்தது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் கம்பெனிகளைக் கூட்டிப் பேசியது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் சி டைப்புக்கான தரத்தை வெளியிட்டது. சாதாரண பட்டன் போனுக்கு வேறு சார்ஜர் இருக்கட்டும் என்ற பேச்சும் அந்தக் கூட்டங்களில் வந்தது. விலை கருதிச் சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பட்டன் போன் வைத்திருக்கும் அப்பத்தாதான் பேரனின் ஒயரை நம்பி இருக்கிறார்.

இன்னொரு சங்கடம் உண்டு. இயற்பியல் படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வடிவம் ஒன்றானாலும் உள்ளே இருப்பது ஒன்றில்லை. "புது டார்ச் அண்ணே, சி டைப்தான், ஏற மாட்டேங்குது" என்று கொண்டுவருவார்கள். இரண்டு பக்கமும் சி முனை உள்ள ஒயரில் போட்டிருப்பார்கள். சி சார்ஜர் எடுத்தவுடன் கரண்ட் விடாது. எதிரே சாதனம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இருக்கிறேன் என்று சொல்ல, சாதனத்துக்குள் 5.1 கிலோ ஓம் தடை இரண்டு இருக்க வேண்டும். காசுக்குக்கூடப் பெறாத அந்த இரண்டு தடைகளை மலிவுச் சாமான் செய்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். பழைய அகல முனை சார்ஜரில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருக்கும்; அதில் போட்டால் அதே டார்ச் ஏறும். ஆகவே பழைய சார்ஜரைத் தூக்கிப் போடாதீர்கள்.

வேகச் சார்ஜிலும் இதே கதை. ஒரு கம்பெனி வோல்ட்டை 9க்கு ஏற்றும், இன்னொன்று வோல்ட்டை ஏற்றாமல் ஆம்பியரைக் கூட்டும். ஒன்றின் சார்ஜரை மற்றதில் போட்டால் பெரும்பாலும் கெட்டுப்போகாது, மெதுவாக ஏறும். ஒயரிலும் வித்தியாசம் உண்டு. சாதாரண சி ஒயர் 60 வாட் வரை தாங்கும். 240 வாட் ஒயரின் முனைக்குள் தன்னை அடையாளம் சொல்லும் சிப் இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி.

மலிவு ஒயர் ஏன் மெதுவாக ஏற்றுகிறது? ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். 0.32 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.2 ஓமுக்குக் கொஞ்சம் கூடுதல் தடை. ஒரு மீட்டர் ஒயர் என்றால் போக வர இரண்டு மீட்டர், 0.4 ஓமுக்கு மேல். 2 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். 5 வோல்ட்டில் போனுக்கு 4.2கூடச் சேராது. நம் ஆய்வகத்தில் ஒரு மல்டிமீட்டரை வைத்து, பஸ் ஸ்டாண்டில் விற்கும் பத்து ஒயர்களை அளந்து பட்டியல் போடலாம். துறைத் தலைவர் சம்மதித்தால் ஒயர் என் பொறுப்பு.

கரிசல் மண்ணுக்கு ஒரு வார்த்தை. சி சாக்கெட்டுக்குள் நடுவில் நாக்கு மாதிரி ஒரு தகடு இருக்கும். சுற்றிலும் தூசியும் சட்டைப்பைப் பஞ்சும் அடைத்துக்கொள்ளும். ஒயர் முழுசாக உட்காராது. சாக்கெட் போச்சு என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அழுக்குதான். ஊக்கால் குத்தாதீர்கள், நாக்கு உடையும். போனை அணைத்துவிட்டு, மெல்லச் சீவிய ஈர்க்குச்சியால் ஓரமாக எடுங்கள்.

ஐரோப்பாவில் தூக்கிப்போடும், பயன்படுத்தாத சார்ஜர்கள் வருஷத்துக்குச் சுமார் 11,000 டன் என்று மதிப்பிட்டார்கள். நம்ம வீட்டு மேஜை டிராயர் கணக்கை யாரும் எடுக்கவில்லை. உங்களிடம் வேலை செய்யும் வி8 ஒயர், குண்டு பின், ஊசிப் பின் எது இருந்தாலும் என் கடையில் கொடுங்கள். வாசலில் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருக்கிறேன். வேண்டியவர் காசில்லாமல் எடுத்துக்கொண்டு போகலாம். சென்ற மாதம் அதில் பதினேழு ஒயர் சேர்ந்தது, பதினாலு போய்விட்டது. வெளியூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் இன்றைக்கே பையில் பாருங்கள்.