புஜ் நகரத்து மனைகள்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் நடந்து பழகிய நமக்குச் சந்துகளின் நெருக்கம் புதிதன்று. குஜராத்தின் புஜ் நகரில், 2001 ஜனவரி 26ஆம் நாள் நேர்ந்த பூகம்பத்தின்போது, கோட்டைக்குள்ளிருந்த அத்தகைய சந்துகளை இடிபாடுகள் அடைத்துக்கொண்டன. மீட்கச் சென்றோர் திணறினர். மீண்டும் கட்டுகையில் வீதிகளுக்கு நிலம் வேண்டியிருந்தது. நகரமைப்புத் திட்டத்தின்படி, மனைகளில் ஒரு பங்கைக் குறைத்து வீதிக்குச் சேர்த்தனர். 30 சதுர மீட்டர் வரையுள்ள மனையைத் தொடவில்லை. 500க்கு மேற்பட்டதில் 35 விழுக்காடு எடுத்தனர். நியாயமான கணக்குத்தான். ஆனால் வாடகைக்கு இருந்தோர்க்கு மனை ஏது? அவர்களுள் பலர், பழகிய அண்டை அயலாரைப் பிரிந்து, நகரின் புறத்தே குடியேற நேர்ந்தது. நம் கடைத்தெருவிலும் வாடகைக் கடைக்காரர் உண்டு. அவர்கள் பெயர்களை மாநகராட்சி இன்றே பதிவேட்டில் ஏற்றிவைத்தல் நலம்.